என்னைக் கூட்டிட்டுப் போகாத கப்பல்

பையைக் காலுக்குக் கீழ தள்ளி வைங்க, ஒண்ணும் ஆகாது. நான் இப்படி ஒதுங்கி உக்காந்துகிடுதேன். தமிழான்னு கேட்டிய பாருங்க, அதுலயே எனக்குப் பாதி வயிறு நிறைஞ்சிட்டு. டொனிகால் டவுன்ல பஸ் ஏறினா சுத்திலும் அவனவன் போனைப் பாத்துகிட்டு இருப்பான், கால்வே போற வரைக்கும் வாயைத் திறக்க வழி இருக்காது. எனக்குப் பேசாம இருந்தா தலை வலிக்கும்.

மகன் வீட்டுல இருந்து மக வீட்டுக்கா? பேறுகாலத்துக்கா! நல்ல விஷயம். முதல் பிள்ளையா? சரி சரி. உங்களை யாரு வரச் சொன்னா, மகளா மருமகனா? மகளேவா? டிக்கெட்டும் அவளே போட்டாளா? குடுத்து வச்சவிய நீங்க.

நானும் அதுக்குத்தான் போறேன். என் மக டெல்பின், கால்வேலதான் இருக்கா, அவளுக்கும் இந்த வாரந்தான் தேதி. ஆனா என்னை யாரும் கூப்பிடல. நானாத்தான் போறேன். போன் பண்ணி வாறேன்னு சொன்னேன், "பிறந்த பிறகு வாங்கம்மா"ன்னா. பிறந்த பிறகு ஊர்ல உள்ளவ எல்லாந்தான் வருவா, அதுக்குப் பெத்தவ எதுக்கு? பிரசவ அறையில ஒரு ஆளு கூட நிக்கலாமாம். மருமகன் ஐரிஷ்காரன், தங்கமான பையன், ஆனா ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுந்துருவானாம். அதனால என் மக யாரைக் கூட நிக்கச் சொல்லியிருக்கா தெரியுமா? அமலியை.

அமலி யாருன்னு கேளுங்க. கேட்டாத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். உங்க நெத்தியில பொட்டைப் பாத்தேன், அதான் தைரியமாப் பேசுதேன். எங்க மாதா கோயில் ஆளுக கிட்ட இதைச் சொன்னா மறுநா ஊரு முழுக்கப் போயிரும். நான் அப்படி இல்ல. என்கிட்ட ஒண்ணு சொன்னா என் நெஞ்சோட நிக்கும். ஆனா சொல்லத்தான் யாரும் வர மாட்டேங்கா.

என் பேரு ஹில்டா. தூத்துக்குடி. எங்க அப்பா தோணிக்காரர், கொழும்புக்குச் சரக்கு ஏத்திகிட்டுப் போவாவ. என் வீட்டுக்காரருக்கு இங்க முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை கிடைச்சு வந்தோம், டெல்பின் அப்ப சின்னப் பிள்ளை. நான் கில்லிபெக்ஸ் துறைமுகத்துல மீன் கம்பெனிக்குப் போறேன். அயலை சீசன்ல நின்னுகிட்டே வெட்டணும், கை மரத்துப்போவும். ஊர்ல இறால் கம்பெனியில நின்ன கைதான, எனக்கு ஒண்ணும் புதுசில்ல.

அமலி பெரியதாழைக்காரி. அமலோற்பவம்னு பேரு. அவளும் நர்ஸு. எங்க வீட்டுக்காரர்தான் சொல்லிவிட்டு அதே இல்லத்துல வேலை வாங்கிக் குடுத்தாவ. வந்த புதுசுல எங்க வீட்டுலதான் கிடந்தா. குளிர்ல உதடு வெடிச்சு ரத்தம் வரும், சோறு திங்க முடியாம அழுவா. நான்தான் கஞ்சி வச்சு ஊத்தினேன். எந்தக் கடையில கறிவேப்பிலை கிடைக்கும், எந்தச் சட்டைக்குள்ள எந்தச் சட்டையைப் போடணும், எல்லாம் இந்த ஹில்டா சொல்லிக் குடுத்தது. "மைனி, மைனி"ன்னு என் பின்னாலயே திரிஞ்சா. புருஷன் சரியில்லாம விட்டுட்டு வந்தவ. பிள்ளை கிடையாது. அதையும் நான் குத்திக் காட்டினதே இல்ல. ஒண்ணு ரெண்டு தடவை சொல்லியிருப்பேன், பெத்தவளுக்குத்தான் தெரியும்னு. அது உண்மைதான?

அவ என்ன செஞ்சா? முதல்ல என் சிநேகிதியைப் பிடிச்சா. அப்புறம் என் மகளைப் பிடிச்சா.

சிநேகிதின்னா நூலா. எங்க பக்கத்து வீடு. ஐரிஷ்காரி, இப்ப எம்பது இருக்கும், கலியாணம் கட்டிக்கல. ஒரு நா பூசை தவற மாட்டாவ. நாங்க வந்து இறங்கின அன்னைக்கு ஒரு ரொட்டியைச் சுட்டுத் துணியில பொதிஞ்சுகிட்டு வாசல்ல வந்து நின்னது அவியதான். அதுல இருந்து நானும் அவியளும் ஒண்ணாத்தான் கோயிலுக்கு. மே மாசம் மாதாவுக்குப் பூ வைக்கது நாங்க ரெண்டு பேருந்தான். ஊர்ல எங்க மாதாவுக்குப் பட்டுச் சேலை சாத்துவாவல்லா, அதை நான் சொல்லப் போயி, இங்க உள்ள மாதா சுரூபத்துக்கும் ஒரு நீலப் பட்டு தச்சுக் குடுத்தேன். நூலா அதைப் பாத்து என் கன்னத்துல முத்தம் குடுத்தாவ. அப்படி இருந்தோம்.

அமலி வந்தா. கொஞ்ச நாள்ல பாத்தா, நூலா வீட்டு அடுப்படியில இவ புட்டு அவிக்கா. நூலா வாழைப்பழத்தைப் பிசைஞ்சு திங்காவ. என்கிட்ட இத்தனை வருசத்துல காரம்னு சொல்லி ஒரு வாய் மீன் குழம்பு தின்னதில்ல. என்ன பேசுவாவளோ தெரியாது, நான் போனா பேச்சு நின்னுரும். பொறாமைன்னு நினைக்காதிய. உண்மையைச் சொல்லுதேன். சரி, பொறாமைன்னே வச்சுக்கிடுங்க.

இதெல்லாம் கூடப் போவுது. நான் சொல்ல வந்தது அந்தக் கப்பல் கதை. ஓட்டு நடந்த வருசம், ரெண்டாயிரத்துப் பதினெட்டு.

உங்களுக்குத் தெரியாம இருக்கும். இந்த நாட்டுல அதுவரைக்கும் கருவைக் கலைக்க முடியாது. சட்டம்னா சாதாரணச் சட்டம் இல்ல, அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சிருந்தாவ, தாய் உசிரும் வயித்துப் பிள்ளை உசிரும் ஒண்ணுன்னு. எம்பத்தி மூணுல அதுக்கு நாடு முழுக்க ஓட்டு எடுத்தாவ. அப்பல்லாம் சாமியார் பிரசங்கத்துல சொன்னா சொன்னதுதான். நூலாதான் எங்க பக்கத்துல அதுக்கு முன்னால நின்னவிய. சைக்கிள்ல போயி ஒவ்வொரு வீட்டுக் கதவாத் தட்டினாவளாம். அந்தப் போட்டோவைக் காட்டியிருக்காவ, தலையில ஸ்கார்ஃப் கட்டிகிட்டு, கையில நோட்டீஸு. எனக்கு அதைப் பாத்துப் பெருமைன்னா பெருமை.

சட்டம் இருந்தா மட்டும்? கலைக்கணும்னு நினைச்சவ கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போயிட்டு வந்தா. வருசா வருசம் ஆயிரக்கணக்குல போயிருக்காளுக. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாவ. பிறகு நம்ம நாட்டுப் பிள்ளை ஒண்ணு, பல் டாக்டரு, செத்துப்போச்சே, கேள்விப்பட்டிருப்பிய. பிள்ளை தானாக் கலைஞ்சுகிட்டு இருக்கு, எடுத்துருங்கன்னு கேட்டும் சட்டத்தைச் சொல்லி எடுக்கல. அதுக்கு நானும் மெழுகுவத்தி கொளுத்தினேன், அழுதேன். அதுல இருந்துதான் சட்டத்தை மாத்தணும்னு பேச்சு பலமாச்சு. அப்புறம் ஓட்டு வந்துச்சு.

எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு வந்து முதல் ஓட்டே அதுதான். நான் மாத்தக் கூடாதுங்குத கட்சி. வேற எப்படி இருப்பேன்? கோயில்ல வளந்தவ. நூலா பழையபடி முன்னால நிப்பாவ, நான் பக்கத்துல நிப்பேன்னு நினைச்சுகிட்டு இருந்தேன். போயிக் கேட்டா, "நான் எம்பத்தி மூணுலயே நடந்து முடிச்சிட்டேன், ஹில்டா"ன்னுட்டாவ. வீட்டு வாசல்ல ஒரு போஸ்டர் கூட வைக்க விடல. இது அமலி வேலைன்னு நினைச்சேன். அவதான் நர்ஸு, எல்லாம் தெரிஞ்சவ.

நான் விடுவேனா? நூலா இல்லாட்டா என்ன, நானே முன்னால நிக்கேன்னு நின்னேன். கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டாவ. இந்தியாவுல இருந்து வந்த ஒரு தாய் பேசட்டும்னு சாமியார் என்னைக் கூப்பிட்டாவ. என் இங்கிலீஷு உங்களுக்குத் தெரியாது, மீன் கம்பெனி இங்கிலீஷு. ஆனா அன்னைக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ. என்ன சொன்னேன் தெரியுமா? "என் சொந்த மகளே இப்படி ஒரு காரியத்தைச் செஞ்சிட்டு வந்து நின்னாலும் அவளுக்கு என் வீட்டுல சோறு கிடையாது, நான் அவளுக்குத் தாயும் கிடையாது"ன்னேன். மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. சாமியார் ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கினாவ.

டெல்பின் ரெண்டாவது வரிசையில இருந்தா. அப்ப அவ கால்வேல காலேஜு, சனி ஞாயிறு வீட்டுக்கு வருவா. கார்ல வரும்போது, "நல்லாப் பேசினீங்கம்மா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் கண்ணாடி வழியா வெளியவே பாத்துகிட்டு வந்தா.

அந்தக் கூட்டத்துக்கு நூலாவும் வந்திருந்தாவ, பின்னால. கை தட்டல. என்னையும் பாக்கல. என் மகளையே பாத்துகிட்டு இருந்தாவ. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பேசினது நான்லா? என்னைப் பாக்கணும்லா?

அடுத்த சனிக்கிழமை டொனிகால் டவுன் முக்குல போஸ்டர் பிடிச்சுகிட்டு நின்னோம். டெல்பினையும் இழுத்துகிட்டுப் போனேன். வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. வயித்துக்குள்ள பிள்ளை விரல் சூப்புத மாதிரி பெரிய படம், அதை அவகிட்டதான் குடுத்தேன். வயசுப் பிள்ளை கையில இருந்தா நாலு பேரு நின்னு பாப்பாவல்லா. கொஞ்ச நேரம் பிடிச்சா. அப்புறம் படத்தைச் சுவத்துல சாத்தி வச்சிட்டு, ஓரமாப் போயி வாந்தி எடுத்தா. எனக்குக் கோவம். கண்ட பர்கரையும் தின்னுட்டு வந்து இந்த இடத்துல மானத்தை வாங்குதியேட்டின்னு ஏசினேன். அந்நேரம் பாத்து அமலி எங்க இருந்துதான் வந்தாளோ, வேலைக்குப் போற உடுப்போட காரை நிப்பாட்டினா, இறங்கினா, என் மக தோள்ல கையைப் போட்டா, கார்ல ஏத்தினா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "மைனி, நான் பாத்துகிடுதேன்"ன்னா. இவ யாரு என் மகளைப் பாத்துகிட?

அன்னைக்கு ராத்திரி டெல்பின் அவ வீட்டுலயே தங்கிட்டா.

பிறகுதான் அந்தக் கப்பல். நூலாவுக்கு ஒரு தங்கச்சி, பிரீட்னு பேரு, லிவர்பூல்ல இருக்காவ. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ரொம்ப வருசம் பேச்சுவார்த்தை கிடையாது. எம்பத்தி மூணுல வீட்டை விட்டுப் போனவிய, ஊருப் பக்கம் எட்டிப் பாக்கல. தாய் செத்ததுக்குக் கூட வரல. சொத்துச் சண்டையா இருக்கும்னு நான் நினைச்சுகிட்டேன். திடீர்னு நூலா, "பிரீடைப் பாக்கப் போறேன், எனக்குத் துணைக்கு அமலி வாறா, டெல்பினும் வரட்டுமே"ங்காவ. கார்ல பெல்ஃபாஸ்ட்டு, அங்க இருந்து கப்பல்ல லிவர்பூலு. என்னைக் கூப்பிடல!

நான் கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன், "நானும் வரட்டுமா நூலா?"ன்னு. நூலா என் கையைப் பிடிச்சுகிட்டு, "உனக்குப் பிரச்சாரம் இருக்கே, ஹில்டா"ன்னாவ. அதைச் சொல்லும்போது முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. அமலி என் முகத்தைப் பாக்கவே இல்ல. கள்ளி.

நீங்களே சொல்லுங்க, நியாயமா? நான் தோணிக்காரன் மக. சின்னதுல இருந்து கப்பலைப் பாத்தே வளந்தவ, ஒரு கப்பல்ல ஏறினதில்ல. பிளேன்ல வந்து இறங்கினேன், மீன் கம்பெனிக்குள்ள போனேன், அவ்வளவுதான் என் உலகம். என் சிநேகிதி, என் மக, நான் கஞ்சி ஊத்தி வளத்தவ, மூணு பேரும் சேந்து உல்லாசமாக் கப்பல்ல போறாளுக. நான் மழையில நனைஞ்சுகிட்டு முக்குல போஸ்டர் பிடிச்சுகிட்டு நிக்கேன். டெல்பின் போகும்போது என்னைக் கட்டிப் பிடிச்சா. எப்பவும் அப்படிச் செய்ய மாட்டா. ரொம்ப நேரம் விடல. போற சந்தோசத்துல கட்டிப் பிடிக்காளாக்கும்னு நினைச்சு, கிளம்புட்டி, கப்பலுக்கு நேரமாச்சுன்னு தள்ளி விட்டேன்.

திரும்பி வந்தாளுக. ஒரு செபமாலை, ஒரு படம், ஒண்ணும் வாங்கிட்டு வரல. ஊர்ல இருந்து வேளாங்கண்ணி போயிட்டு வந்தாக் கூட எண்ணெய், பொரி, எதாவது கொண்டாந்து அக்கம்பக்கத்துல குடுப்போம்லா? கப்பல்ல விக்குத பிஸ்கெட் டப்பா ஒண்ணை நூலா நீட்டினாவ. அதை நான் இன்னும் பிரிக்கல. பரண்ல கிடக்கு.

டெல்பின் வீட்டுக்கு வரல, அமலி வீட்டுக்குப் போயிட்டா. எனக்குப் பொறுக்கல, நேரே போனேன். போனா, சோபாவுல போர்த்திகிட்டுப் படுத்திருக்கா, வயித்து மேல சுடுதண்ணிப் பை. நூலா அவ காலைத் தேச்சு விடுதாவ. அமலி அடுப்புல என்னத்தையோ கிண்டிகிட்டு இருக்கா. எனக்கு மூக்குதான் முதல்ல சொல்லிச்சு. சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய். பேறுகால மருந்து. இப்ப நீங்க உங்க மகளுக்குக் கொண்டு போவியல்லா, அதே மருந்து.

"எதுக்குட்டி இது?"ன்னேன். "கப்பல்ல வந்த அலுப்பு மைனி, பிள்ளைக்கு மாசக் குளியலும் சேந்துகிட்டு, இடுப்பு வலிக்காம், அதான்"ன்னா. எட்டிப் பாத்தேன், பாகு பதம் தப்பிட்டு, அடி பிடிக்கப் போவுது. எனக்கு வந்த ஆங்காரத்துக்கு அளவில்ல. என் மகளுக்கு இவ மருந்து கிண்டுதாளாம்! எனக்குத் தெரியாதா? எங்க அம்மைக்கு நான் கிண்டிக் குடுத்திருக்கேன், நாத்தனாருக்குக் கிண்டிக் குடுத்திருக்கேன். கரண்டியைப் பிடுங்கினேன். எண்ணெய் மேல தெளிஞ்சு வார வரைக்கும் நானே நின்னு கிண்டினேன். ஆற வச்சு, ஒரு உருண்டை உருட்டி, என் கையாலயே என் மக வாயில வச்சேன். அமலியைப் பாத்துகிட்டே வச்சேன், பாத்துக்கோ, பெத்தவ யாருன்னு.

டெல்பின் அதை வாயில வச்சுகிட்டே அழுதா. அப்படி ஒரு அழுகை. காரம் தாங்கலன்னு நினைச்சேன், தண்ணி குடுத்தேன். நூலா எந்திரிச்சு வெளிய போயிட்டாவ.

ஓட்டு அன்னைக்கு நானும் நூலாவும் ஒண்ணாத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனோம். வெளிய வந்து கேட்டைப் பிடிச்சுகிட்டு, "நான் மாத்தணும்னு போட்டுட்டேன், ஹில்டா"ன்னாவ. நாப்பது வருசமா நாவுல நற்கருணை வாங்கினவிய! ஏன்னு கேட்டேன். இங்கிலீஷ்ல சொன்னதைத் தமிழ்ல சொல்லுதேன். "அந்த வருசம் ஊர்ல எல்லாக் கதவையும் தட்டினேன். எங்க வீட்டு மாடியில பிரீட் கதவைச் சாத்திகிட்டுப் படுத்திருந்தா. அதை மட்டும் தட்டல. மறுநா காலையில அவ கப்பலுக்குப் போயிட்டா. என்கிட்ட சொல்ல அவளுக்குப் பயம்"ன்னாவ. சொல்லிட்டு, "நீ கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கோ, ஹில்டா"ன்னாவ.

வயசாயிட்டுல்லா, என்னத்தையோ பேசுதாவன்னு விட்டுட்டேன். நாடு பூரா நாங்க தோத்தோம். மூணுல ரெண்டு பேரு மாத்தணும்னு போட்டிருந்தாவ. ஆனா எங்க டொனிகால் மட்டும் மாத்தக் கூடாதுன்னு நின்னுச்சு, தெரியுமா? நாட்டுலயே எங்க மாவட்டம் ஒண்ணுதான். சாமியார் அதுக்கு எனக்கும் நன்றி சொன்னாவ. வீட்டுல வந்து டெல்பின் கிட்டச் சொன்னேன். "சந்தோசமாம்மா?"ன்னு கேட்டா. அன்னைக்கே கால்வேக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் வீட்டுக்கு வாறது ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்குந்தான். வந்தாலும் விருந்தாளி மாதிரி இருப்பா, தட்டைக் கழுவி வச்சிட்டுப் போவா. அமலிகிட்ட மட்டும் தினம் போன்.

இந்தா, நாக்குங்குத ஊரு வந்துட்டு. அந்தப் பக்கந்தான் மாதா கோயில். கொஞ்சம் இருங்க, சிலுவை போட்டுக்கிடுதேன். உங்க மகளுக்கும் சேத்து வேண்டிகிட்டேன்.

கடைசியா ஒண்ணு சொல்லுதேன், அதோட முடிச்சிருதேன். டெல்பின் உண்டாயிருக்கான்னு தெரிஞ்சதும் முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கூப்பிடல, நானே போயி வாசல்ல நின்னேன். அங்க பாத்தா அமலி முன்னாலயே வந்து உக்காந்திருக்கா! சரின்னு மூணு பேரும் உள்ள போனோம். நர்ஸு நல்ல பிள்ளை, சிரிச்சுகிட்டே கேட்டா, "இதுதான் முதல் தடவையா?"ன்னு. நான் "ஆமா, முதல் பிள்ளை"ன்னேன். டெல்பின் அமலியைப் பாத்தா. அமலி கீழ பாத்தா. நர்ஸு என்னைப் பாத்தா. அப்புறம் என் மக சொல்லுதா, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அமலி அத்தை இருக்கட்டும்"னு.

வெளிய போனேன். பெத்தவ வெளிய, இவ உள்ள. கதவைச் சாத்திட்டாளுக. அந்த நாற்காலியில உக்காந்துகிட்டு நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்னு நினைச்சேன். ஆமான்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவளுக்கு என்ன யோசனை? நான் இருந்தா அந்த ஒரு வார்த்தை வாயில வராதா?

என்னங்க, இவ்வளவு நேரம் உம் கொட்டிகிட்டு வந்திய. ஏன் என் கையைப் பிடிக்கிய?

எதைக் கேக்கிய? வாந்தி எடுத்ததா? கப்பலுக்கு முந்திதான். முந்தின சனிக்கிழமை. மருந்து கிண்டினது வந்த பிறகு. ஏன் அதைக் கேக்கிய?

...

இல்ல. நீங்க சொல்லாதிய. ஒண்ணும் சொல்லாதிய. கையை விடுங்க. இல்ல, பரவால்ல, பிடிச்சுக்கிடுங்க.

நான் ரெண்டு பெத்தவ. ஒண்ணு தங்கல. வாந்தியைப் பாத்தா எனக்குத் தெரியாதா? சுடுதண்ணிப் பையைப் பாத்தாத் தெரியாதா? அந்த மருந்து எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். பாக்கலையே. நான் அமலியைல்லா பாத்துகிட்டு இருந்தேன். அவ கையில உள்ள கரண்டியைல்லா பாத்துகிட்டு இருந்தேன்.

அவ ரெண்டாவது வரிசையில இருந்தா. சோறு கிடையாதுன்னு நான் சொல்லும்போது ரெண்டாவது வரிசையில இருந்தா. அந்தப் படத்தை நான்தான் அவ கையில குடுத்தேன்.

கூப்பிட்டிருந்தாப் போயிருப்பியளான்னு கேக்கிய. நல்ல கேள்வி கேக்கிய. அவ வந்து, அம்மா, எனக்கு இப்படி ஆயிட்டு, கூட வாங்கன்னு சொல்லியிருந்தா... தெரியல. அடிச்சிருப்பேன். சாமியார் கிட்ட ஓடியிருப்பேன். நாலு பேருகிட்ட அழுதிருப்பேன். இப்பவும் அது தப்புன்னுதான் என் மனசு சொல்லுது, பொய் சொல்ல மாட்டேன். பாவம் பாவந்தான். ஆனா பாருங்க, எனக்கு இப்ப அந்தப் பாவம் வலிக்கல. அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கு. எனக்கு வலிக்கது வேற.

லிவர்பூல்ல இருந்து பகல் முழுக்கக் கப்பல். வரும்போது கடல் ரொம்ப ஆட்டமாம், நூலாதான் ஒரு தடவை சொன்னாவ. அமலிக்குக் கடலே ஆகாது. பெரியதாழையில பிறந்துட்டு வள்ளத்துல ஏறினா வாந்தி எடுப்பா. நூலாவுக்கோ வயசாயிட்டு. எனக்கு ஒண்ணும் செய்யாது. தோணிக்காரன் ரத்தம், எனக்குத் தலை சுத்தாது. எவ்வளவு ஆடினாலும் நான் அசையாம உக்காந்திருப்பேன். என் பிள்ளை வயித்தைப் பிடிச்சுகிட்டு வந்திருப்பா. அவ தலை யாரு மடியில கிடந்துச்சோ. அமலி மடியிலயா, நூலா மடியிலயா. அதை மட்டும் அவகிட்ட கேப்பேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.

இல்ல. அதையும் கேக்க மாட்டேன். வெளிய நாற்காலியில உக்காந்துகிடுதேன். கூப்பிட்டா உள்ள போறேன்.

கால்வே வந்துட்டு. உங்க பையை எடுத்துக்கிடுங்க. நீங்க முன்னால இறங்குங்க, உங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்து நிப்பாவ. நான் பின்னால மெள்ள வாறேன்.